செத்த பக்கம்

கணவனும் மனைவியும் ஒரே காரில் போவது அபூர்வமாகிவிட்ட காலம் அது. ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு கார். ஓட்டுநர் இல்லாத கார் காலையில் வாசலுக்கு வந்து நிற்கும். ஏறிப் படுத்துக்கொண்டால் வேலை செய்யும் இடத்தில் எழுப்பிவிடும். தூரத்தின்மேல் இருந்த பயம் போனதும் ஜனங்கள் நகரத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். பொள்ளாச்சிக்குத் தெற்கே மலையைப் பார்த்தபடி வீடு கட்டிக்கொண்டவர்களில் மதுவந்தியும் சர்வேஷும் உண்டு. அவள் கோயம்புத்தூருக்குப் போவாள், அவன் திருப்பூருக்கு. பல் துலக்குவதை மட்டும்தான் வீட்டில் செய்கிறோம், மற்றதெல்லாம் காரில்தான் என்று சர்வேஷ் சொல்வான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் அவனுடைய முதலாளி வீட்டுக் கல்யாணம். சர்வேஷ் பெயரில் வந்த காரில் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். அவன் வலதுபுறம், அவள் இடதுபுறம்.

சாலையோரத்து விளம்பரப் பலகைகளெல்லாம் அதற்குள் வெறும் இரும்புச் சட்டங்களாகி, அவற்றில் காக்கைகள் கூடு கட்டியிருந்தன. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவன் இல்லாமல் போனபின் சாலையோரப் பலகை யாருக்கு? ஆனால் பலகைகள் செத்துவிடவில்லை. காரின் கண்ணாடிக்குள் குடியேறிவிட்டன. வெளியே தென்னந்தோப்பு ஓடிக்கொண்டிருக்கும். அதன் நடுவே ஒரு நகைக்கடைப் பலகை நிமிர்ந்து நிற்பதுபோலக் கண்ணாடி வரைந்து காட்டும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவரின் வயசுக்கும் ஆசைக்கும் ஏற்றபடி பலகை மாறும். அதன்மேல் கண் பட்டால் பயணம் இலவசம். கண் பட்டதா என்று கவனிக்க உள்ளே ஒரு சின்னக் கேமரா.

அந்த வியாபாரத்தைச் செய்யும் நிறுவனம் ஒன்றில்தான் மதுவந்திக்கு வேலை. எந்தப் பலகை எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்று கணித்துச் சொல்லும் பிரிவு. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் பெயரில் வரும் காரில் பலகையே வராது. கேமராவும் கண்ணை மூடிக்கொள்ளும். அதனால் பல வருஷங்களாக அவள் வெறும் மலையையும் வானத்தையும் பார்த்தபடிதான் போய்வந்தாள். தான் விற்கிற சரக்கை அவள் பயணியாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை.

அன்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க என்னவோ இடறியது. வலப்பக்கக் கண்ணாடியில் பலகைமேல் பலகை. மெத்தை, மனை, மாவு மில், பட்டுச்சேலை என்று தேர்த்திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்தன. இடப்பக்கக் கண்ணாடி துடைத்து வைத்தமாதிரி வெறிச்சென்று இருந்தது. முன் கண்ணாடியிலும் வலது பாதியில்தான் எல்லாம்.

"ஏங்க, இந்தப் பக்கம் ஒண்ணுமே வரலியே. ரிப்பேரா?"

"இந்தக் காருன்னு இல்ல மது, எனக்கு எல்லாக் காருலயும் அப்படித்தான். ஒரு பக்கமாவது நிம்மதியா இருக்கட்டும்னு விட்டுட்டாங்களாட்ட இருக்கு."

"எப்ப இருந்து?"

"அதையெல்லாமா கவனிப்பாங்க?" என்று சிரித்தான் அவன்.

கல்யாணப் பந்தியில் சர்வேஷ், ரசவாளியோடு நின்றவரின்மேல் மோதி வேட்டியெல்லாம் ரசமாக்கிக்கொண்டான். "இடிச்சுக்கிட்டு வராரு பாரு" என்று அந்த மனுஷரையே திட்டினான். வாளிக்காரர் பாவம், இடப்பக்கம் ஓரமாக நின்றுகொண்டிருந்தவர்தான். மதுவந்தி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாயசம் வந்ததும் தெரியவில்லை, அது அப்பளத்துக்குள் ஊறியதும் தெரியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் இம்ரானைப் பிடித்தாள். பலகைகளை எங்கே நிறுத்துவது என்று கற்றுக்கொள்கிற மென்பொருளைப் பராமரிக்கிறவன். அவளைவிட இளையவன், அவளை அக்கா என்பான்.

"அது செத்த பக்கம் அக்கா" என்றான் சாதாரணமாக. "ஒருத்தர் ஒரு பக்கம் பாக்கவே மாட்டேங்கறார்னு வையுங்க, அங்க பலகை வெச்சா வேஸ்ட்டுதானே? சிஸ்டம் அதைத் தானாக் கத்துக்கிட்டு இன்னொரு பக்கம் மாத்திடும். நாம யாரும் சொல்லிக் கொடுக்கல."

"ஏன் பாக்கறதில்லன்னு தெரியுமா அதுக்கு?"

"அது எதுக்கு அக்கா? சில பேருக்குக் கழுத்து வலி இருக்கும். சில பேர் ஒரு பக்கம் சாஞ்சு தூங்குவாங்க. அதுக்கு வேண்டியது கண்ணு எங்க படுது, அவ்வளவுதான்."

"என் வீட்டுக்காரரோடது பாக்கலாமா?"

அவன் தயங்கினான். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரையைத் திருப்பினான். கண் பட்ட இடங்கள் வெள்ளையாகவும் படாத இடங்கள் கறுப்பாகவும் தெரிந்த ஒரு படம். இரண்டு வருஷத்துக்கு முந்தையதில் முழுக்க வெள்ளை. அதற்குப் பிறகு மாதத்துக்கு மாதம் கோடைக்குளம் வற்றுவதுபோல இடப்பக்கத்திலிருந்து கறுப்பு ஏறிக்கொண்டே வந்தது. போன வருஷம் ஆடியில் சிஸ்டம் அந்தப் பக்கத்தைக் கைவிட்டிருந்தது.

"கழுத்து வலி இப்படி வருமா இம்ரான்?"

அவன் படத்தை மூடினான்.

கண் டாக்டர் சுற்றி வளைக்காத பெண்மணி. சர்வேஷை ஒரு கருவிக்குள் முகம் வைக்கச் சொல்லி, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நிறைய நேரம் அவன் பொத்தானை அழுத்தாமல் அடுத்த புள்ளிக்காகக் காத்திருந்தான். மதுவந்தி பக்கத்துத் திரையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை வந்து வந்து போயின.

"கிளாக்கோமாங்க. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பைத் தின்னுடும். இடது கண்ணுல ஓரமெல்லாம் போயிடுச்சு. வலது கண்ணுலயும் மூக்குப் பக்கம் ஆரம்பிச்சிருக்கு. அதனாலதான் ரெண்டு கண்ணும் திறந்திருந்தாலும் இடப்பக்கம் உங்களுக்குக் கிடையாது."

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே டாக்டர்" என்றான் சர்வேஷ். "சாயப்பட்டறையில ஷேடு பாக்கறவன் நான். பத்துச் சிவப்பை வெச்சா பத்துக்கும் வித்தியாசம் சொல்லுவேன்."

"நடுப்பார்வை கடைசியிலதான் போகும். அதுவரைக்கும் காணாமப் போன இடத்தை மூளை தானா நிரப்பிக்கும். பக்கத்துல இருக்கற சுவரையோ மரத்தையோ இழுத்து ஒட்டு போட்டுடும். அதனால யாருக்கும் தெரியறதில்ல." அவர் சீட்டில் மருந்து எழுதினார். "போனது வராது. இருக்கறதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா வலது கண்ணு முழுசாத் தப்பிச்சிருக்கும்."

வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போது மதுவந்தி அவனிடம் ஆடி மாசத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளால் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை.

சர்வேஷ் வரிசையிலிருந்து விலகினான்.

"அப்ப உங்க ஆபீஸுக்குத் தெரியும்."

"தெரியும்னு இல்லைங்க. அது வெறும்..."

"நான் பாக்கறதில்லைன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு பலகையைத் தூக்கி இந்தப் பக்கம் வெச்சாங்க. மெத்தை விக்கணுமில்ல! ஏப்பா, உனக்கு அந்தப் பக்கம் என்னாச்சுன்னு கேக்க ஒருத்தருக்கும் தோணல." கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ அங்கதானே மது உக்காந்திருக்கே?"

அதற்குப் பிறகு அவன் காரில் ஏற மாட்டேன் என்றான். ஏறாமல் எப்படிப் போவது? இலவசக் கார்கள் வந்தபின் திருப்பூர் பஸ்ஸெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோயிருந்தன. பழைய மோட்டார் சைக்கிளை எடுத்தான். ஓரம் தெரியாத மனுஷன் மோட்டார் சைக்கிளில் போவதா என்று மதுவந்தி சாவியைப் பிடுங்கி வைத்தாள். கடைசியில் காரிலேயே போனான், கண்ணை இறுக மூடிக்கொண்டு. மூடிய கண்ணுக்குக் கார் கட்டணம் போட்டது. போட்டால் போட்டுக்கொள்ளட்டும் என்றான். வீட்டில் அவளோடு அதிகம் பேசவில்லை. அவன் மருந்து ஊற்றிக்கொள்ளும்போது அவள் உதவிக்குப் போனால், தலையைச் சாய்த்துத் தானே ஊற்றிக்கொண்டான். பாதி கன்னத்தில் வழிந்தது.

மதுவந்தியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ரேஷ்மாவின் அறைக்குப் போனாள். ரேஷ்மா அந்தக் கிளையின் தலைமை, நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள். ஆழியாறு பக்கம் தோட்டவீட்டிலிருந்து வந்துபோகிறவள். மதுவந்தியை வேலைக்கு எடுத்ததும், பிரசவத்தில் அவள் குழந்தையை இழந்தபோது மாசக்கணக்கில் விடுப்புக் கொடுத்துத் தினமும் போனில் விசாரித்ததும் ரேஷ்மாதான்.

"எவ்வளவு பேர் மதுவந்தி?" என்று கேட்டாள் ரேஷ்மா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு.

"சிஸ்டத்துல செத்த பக்கம்னு இருக்கறவங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க மேடம். அதுல கொஞ்சங் கொஞ்சமாச் சுருங்கினவங்களை மட்டும் எடுத்தாலே கல்யாண மண்டபம் நிறைஞ்சிடும். அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

"நாம டாக்டர் இல்ல."

"இல்லைங்க. ஆனா டாக்டருக்கு முன்னாடி நமக்குத் தெரியுது."

"தெரியுதுன்னு ஒத்துக்கிட்டா நாம காலி. ஒருத்தருக்குச் சொல்லாம விட்டா கேஸ், தப்பாச் சொன்னா இன்னொரு கேஸ். அதை விடு, கார் நம்ம உடம்பைப் படிக்குதுன்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்? நாம வாங்கறது பார்வை, விக்கறது பார்வை. கண்ணு நம்ம சரக்கு இல்ல." ரேஷ்மா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். "சர்வேஷுக்கு நல்ல வைத்தியம் பாரு. லீவு வேணும்னா எடுத்துக்கோ."

மதுவந்தி எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"மேடம், ஒரு ஆஸ்பத்திரிக்காரங்களே வந்து, செத்த பக்கம் உள்ளவங்களுக்கு மட்டும் எங்க பலகையைக் காட்டுங்கன்னு கேட்டா?"

ரேஷ்மா மெல்லச் சிரித்தாள். "விளம்பரம் கொடுக்கறவங்க கேட்டா, யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் காட்டறதுதானே நம்ம பொழப்பு."

அப்படித்தான் அந்தப் பலகை பிறந்தது. சர்வேஷைப் பார்த்த டாக்டரின் மருத்துவமனையே கொடுத்தது. வாசகத்தை மதுவந்தி எழுதினாள். 'உங்கள் பார்வையின் ஓரம் உங்களுக்குத் தெரியாமலே சுருங்கியிருக்கலாம். ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.' படமில்லை, பாட்டில்லை. பார்வை மிச்சமிருக்கும் பக்கத்தில், கண்ணுக்கு நேராக, வெள்ளையில் கறுப்பெழுத்து.

ஜனங்கள் வந்தார்கள். உடுமலையிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்து, "அந்தப் பலகை என்னையவே பாத்துப் பேசினமாதிரி இருந்துச்சுங்க" என்றாளாம். டாக்டர் அதை மதுவந்திக்குப் போனில் சொன்னார். அவள் சர்வேஷிடம் சொன்னாள். அவன் மருந்துப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்து, நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அன்று ஒரு சொட்டும் கன்னத்தில் வழியவில்லை.

அந்த நிம்மதி மழைக்காலம் முடியும்வரைகூட நிற்கவில்லை.

ஒரு மருத்துவமனைக்குக் கூட்டம் வருகிறது என்றால் மற்றவை சும்மா இருக்குமா? எங்களுக்கும் அதே ஆட்கள் வேண்டும் என்று கேட்டன. ரேஷ்மா ஏலம் விட்டாள். ஏலத்தில் தோற்றவர்கள், செத்த பக்கம் கொஞ்சமாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். பிறகு நாற்பது வயது தாண்டினால் போதும் என்றார்கள். பிறகு கண் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைகள் வந்தன, காப்பீட்டுக்காரர்கள் வந்தார்கள். 'இன்று தெரிகிறது, நாளை?' என்று ஒரு குழந்தை அழுதது. பாதி முகம் இருட்டான ஒரு தாய் தென்னந்தோப்புக்கு மேலே கைநீட்டித் தடவினாள். மதுவந்தி எழுதிய பலகையும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நின்றது. அதுவும் ஒரு விளம்பரம்.

"எங்க யூனிட்ல சிரிக்கறாங்க மது" என்றான் சர்வேஷ். "உனக்குக் கண்ணு போச்சா, எனக்கும் போச்சு, நேத்துப் பொறந்த எம் பேரனுக்கும் போச்சுன்னு கிண்டல். எனக்கு நெசமாவே இருக்குதுன்னு சொன்னா, அதுக்கும் சிரிக்கறாங்க."

இம்ரானிடம் ஓடினாள். "நெஜமாவே சுருங்கினவங்க இப்ப என்ன பண்றாங்க?"

"எல்லாரையும் மாதிரிதான் அக்கா. பலகை வந்ததும் கண்ணைத் திருப்பிக்கறாங்க. அந்தக் கணக்கையும் சிஸ்டம் கத்துக்குதே, வேணும்னு பாக்காதவங்க யாரு, தெரியாம பாக்காதவங்க யாருன்னு அதுக்கே இப்பக் குழம்பிப்போச்சு. பழைய படமெல்லாம் உபயோகப்படாது."

நல்லது செய்யப் போய் இருந்த ஒரே விளக்கையும் ஊதி அணைத்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. கார்க் கண்ணாடிக்கு வெளியே மலை ஓடிக்கொண்டிருக்கும், அவள் எதையும் பார்க்காமல் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டை வைத்துவிட்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பாள். ஆனால் பல வருஷமாகக் கண்களையே படித்தவள் அல்லவா? ஒன்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று ஒதுக்குகிறவரின் கண்ணும் ஒரு கணம் அங்கே போய்விட்டுத்தான் திரும்பும். தெரியாதவரின் கண் போகவே போகாது. கேமராவுக்கு அந்த ஒரு கணம் பிடிபடாமல் போகலாம். எதிரே நிற்கும் மனுஷிக்குப் பிடிபடும்.

லீவு போட்டாள். பொள்ளாச்சிப் பழைய பஸ் ஸ்டாண்டு இப்போது கார் மாறும் இடம். மலையடிவாரத்துச் சின்னக் கார்கள் அங்கே ஆட்களை இறக்கிவிடும், நெடுஞ்சாலைக் கார்கள் ஏற்றிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச தூரம் எல்லோரும் தங்கள் காலால் நடந்தாக வேண்டும். அந்த நடையில், பலகைக்கு எழுதிய அதே வாசகத்தை அச்சடித்த ஒரு கட்டு நோட்டீஸோடு போய் நின்றாள். மஞ்சள் காகிதம் சர்வேஷ் தேர்ந்தெடுத்தது. "இந்த மஞ்சளைக் கண்ணு இருக்கறவன் பாக்காமப் போக முடியாது" என்றவன், தானும் அரைக்கட்டை வாங்கிக்கொண்டு எதிர்ப்புறம் நின்றான். எதிரே வருகிறவருக்கு அவன் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். நேருக்கு நேர் நீட்டாமல் தோளுக்குப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். வாங்குகிறாரா என்பதல்ல, கண் திரும்புகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

"இன்னும் காயிதமா அம்மிணி?" என்று ஒருவர் சிரித்தார். ஒருவர் வாங்கி அங்கேயே கசக்கிப் போட்டார். பலருடைய கண் ஒரு கணம் மஞ்சளில் பட்டு விலகியது. அவர்களை விட்டுவிட்டார்கள். கண் திரும்பாத சிலருக்கு முன்னால் ஓடிப்போய் நின்று பேசினார்கள். அதில் பாதிப்பேர் மகள் கல்யாணத்தையோ மனைவியோடு போட்ட சண்டையையோ நினைத்துக்கொண்டு நடந்தவர்கள். ஆனால் பூ விற்கும் ஒரு பெண் மட்டும் நின்று கேட்டுவிட்டு, "அதான் ஒரு பக்கமா இடிச்சுக்கிட்டே இருக்கேனா?" என்றாள். ரோட்டுக்கு அந்தப் பக்கமே இருந்த டாக்டரின் மருத்துவமனைக்கு அவளுக்கு வழி சொன்னார்கள்.

வெயில் ஏறத் தொடங்கியபோது ஆழியாறு கார் ஒன்று வந்து நின்றது. ரேஷ்மா இறங்கினாள். தூரத்திலேயே மதுவந்தியைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். முகத்தில் கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"லீவு போட்டுட்டு இதான் பண்றியா? நம்ம ஆளே தெருவுல நின்னு நோட்டீஸ் கொடுத்தா, நம்மகிட்டப் பலகை வாங்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். எனக்கு வேற வழி தெரியல."

"வழி இருக்கு. ஏலத்துக்கு ஒரு வரம்பு வைக்கலாம்னு நானே மேல பேசியிருக்கேன். பொறுமையா இருக்கணும் மதுவந்தி. நீ எப்பவும் அவசரக்காரி."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சர்வேஷ் எதிர்ப்புறத்திலிருந்து வந்தான். அவள் யாரென்று அவனுக்குத் தெரியாது. வந்தவர் இன்னொரு பயணி என்று நினைத்து, வழக்கப்படி அவளுடைய இடது தோளருகே மஞ்சள் காகிதத்தை நீட்டினான்.

ரேஷ்மாவின் கண் திரும்பவில்லை.

அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தான். காகிதம் காற்றில் படபடத்தது. அவள் வரம்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதுவந்திக்குச் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. காகிதத்தின் முனை ரேஷ்மாவின் காதுத் தொங்கட்டானை உரசும் தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் மதுவந்தியின் முகத்தையே பார்த்தபடி, "என்ன, நான் சொல்றது புரியுதா இல்லையா?" என்று கேட்டாள். சர்வேஷ் மனைவியைப் பார்த்தான். அவன் கை மெல்லக் கீழே இறங்கியது.

சிஸ்டத்தில் தேடினாலும் ரேஷ்மாவுக்கு ஒரு படம் கிடைக்காது. நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அவள் வெறுங்கண்ணாடியில் வானம் பார்த்துப் போகிறவள். அவளை எந்தக் கேமராவும் கவனித்ததில்லை, எந்தப் பலகையும் அவளுக்காக இடம் மாறியதில்லை.

நெடுஞ்சாலைக் கார் வந்து, கதவைத் திறந்துகொண்டு, ரேஷ்மாவின் பெயரை மரியாதையாக அழைத்தது.

"நான் கிளம்பறேன். நாளைக்கு ஆபீஸ் வந்து சேரு."

"மேடம், அந்தக் காரை அனுப்பிடுங்க."

"எதுக்கு?"

மதுவந்தி வாயைத் திறந்தாள். ஆயிரம் பேருக்கு எழுதிய வாசகம் இந்த ஒருத்திக்கு வரவில்லை. "எங்ககூட ஒரு இடத்துக்கு வாங்க. பக்கத்துலதான். இவர் என் வீட்டுக்காரர்."

ரேஷ்மா தலையை முழுக்கத் திருப்பினாள். திருப்பிய பிறகுதான் அவளுக்கு மிக அருகில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. திடுக்கிட்டு ஓரடி பின்வாங்கினாள். அவன் கையில் இருந்த மஞ்சளைப் பார்த்தாள், அதன்மேல் இருந்த எழுத்தைப் பார்த்தாள், பிறகு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். காகிதத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கார் இன்னொரு முறை அழைத்துவிட்டுக் கதவை மூடிக்கொண்டு ஆளில்லாமல் கிளம்பியது.

சர்வேஷ் முன்னால் நடந்தான். மதுவந்தி சுற்றி வந்து ரேஷ்மாவின் இடப்பக்கம் நின்று, அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரோட்டைத் தாண்டணும் மேடம். பாத்து வாங்க."